ஸூவாலஜிஸ்ட் டைரனோசரஸ் ரெக்ஸ்: தார் வாசனைக்குள் செண்பகம் எப்படி வந்தது?

பிச்சிப்பூ:

வணக்கம். சித்தி மகன் கனடாவில் இருந்து வந்தபோது ஒரு கவர் நிறைய சின்னச் சின்ன சென்ட் சாம்பிள் குப்பிகள் கொடுத்தான். அதில் ஒன்று ஸூவாலஜிஸ்ட் கம்பெனியின் டைரனோசரஸ் ரெக்ஸ். மற்றவற்றை எல்லாம் "நல்லா இருக்கு", "பரவாயில்லை" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டேன். இது மட்டும் பிடிபடவில்லை.

அடித்தவுடன் ரோடு போடுகிற இடத்துத் தார், மிளகு, கூடவே ஆஸ்பத்திரி வராந்தா. அம்மா சமையலறையில் இருந்து வந்து வயர் கருகுகிறதா என்று ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். அரை மணி கழித்து அதே மணிக்கட்டில் செண்பகம்! தார் போய்விட்டதா என்றால் போகவில்லை, பூவுக்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது சந்தனமும் வனிலாவும், அடியில் லேசாகப் புனுகு மாதிரி ஏதோ ஒன்று.

என் சந்தேகம் இதுதான். நோட்ஸ் பட்டியலில், அதாவது இதில் என்னென்ன வாசனை என்று கம்பெனி சொல்லும் பட்டியலில், குந்திரிக்கம் என்று இருக்கிறது. அப்படியென்றால் இந்தப் புகை சாம்பிராணிப் புகையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு கனமான புகையும் இவ்வளவு பூவும் ஒரே குப்பியில் எப்படி அடித்துக்கொள்ளாமல் இருக்கின்றன? அப்புறம், நான் இருப்பது மதுரை, வேலை ஒரு ஏசி பேங்க் கவுண்டரில். இதைப் போட்டுக்கொண்டு போக முடியுமா, முழு பாட்டில் வாங்கலாமா?

ஸ்காபரோ பொடியன்:

அக்கா, இது எங்கட ஊர்ச் சாமான். ஸூவாலஜிஸ்ட் ரொறொன்ரோக் கொம்பனி, விக்டர் வோங் என்பவர் 2013இல் தொடங்கினது. அவர் தானே கலக்கிறதில்லை. மிருகத்தின் பெயரில் வரும் ஒவ்வொரு சென்ட்டுக்கும் வெளியில் ஒரு பெர்ஃப்யூமரைப் பிடித்துச் செய்விப்பார். டி. ரெக்ஸ் 2018இல் வந்தது. செய்தவர் அந்தோனியோ கார்தோனி, இத்தாலிக்காரர், படித்தது கட்டடக் கலை. போக் என்ற பெயரில் சொந்த பிராண்டும் வைத்திருக்கிறார்.

கொம்பனி சொல்லும் பட்டியல் இது: மேலே (அடித்தவுடன் வருவது) பெர்கமொட், மிளகு, ஃபர் மரம், லாரல் இலை, நெரோலி, சாதிக்காய். நடுவில் செண்பகம், ஜெரேனியம், மல்லிகை, ஒஸ்மாந்தஸ், ரோசா, இலாங் இலாங். அடியில் (கடைசிவரை நிற்பது) பிசின்கள், கேட் (ஒரு மரத் தார்), சீடர், புனுகு, குந்திரிக்கம், லெதர், பச்சோலி, சந்தனம், வனிலா. புனுகு என்று பயப்பட வேண்டாம். இவர்கள் மிருகத்தில் இருந்து எதுவும் எடுப்பதில்லை, எல்லாம் செயற்கைதான்.

இஞ்ச ஜனவரிக் குளிருக்குள் இதை அடித்தால் பூ எட்டியும் பார்க்காது. தாரும் ஃபர் மரமும் மட்டும்தான். ஜூலை மாதம் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன், பக்கத்தில் இருந்த ஆள் எழும்பிப் போய் நின்றுகொண்டே வந்தார். புகை எங்கேயிருந்து வருகுது என்பதை மட்டிப்பால் ஐயா வந்து சொல்லட்டும்.

மட்டிப்பால்:

ஸ்விட்ச் போர்டை முகர்ந்து பார்த்த உங்கள் அம்மாவுக்கு முதலில் ஒரு வணக்கம். அது சரியான மூக்கு.

இங்கே பலருக்கு என்னைத் தெரியும். பெங்களூரில் ஊதுவத்திக் கம்பெனிகளுக்கு வாசனைக் கலவை கலந்துகொடுத்தே ஓய்வு பெற்றவன். வத்திக்கு வாசனை கலக்கும்போது ஒரு வசதி உண்டு: பாதி வேலையை நெருப்பு பார்த்துக்கொள்ளும். கரியும் ஜிகட் என்ற பசைப் பொடியும் எரிவதால் வரும் புகையையும் கணக்கில் சேர்த்துத்தான் நாங்கள் கலப்போம். தோலில் போடும் சென்ட்டில் அந்த நெருப்பு கிடையாது. புகை வேண்டுமென்றால், எங்கோ எரித்ததை எண்ணெயாகப் பிடித்துக் கொண்டுவந்து குப்பியில் சேர்க்க வேண்டும். இதில் அப்படி எரித்த சரக்கு எது?

குந்திரிக்கம் இல்லை. உங்கள் சந்தேகம் சரி. குந்திரிக்கத்தை ஆவியில் வடித்த எண்ணெயை முகர்ந்து பாருங்கள், எலுமிச்சைத் தோல், பைன், கொஞ்சம் மிளகு. உள்ளே அதிகம் இருப்பவை ஆல்ஃபா பைனீன், லிமோனீன் மாதிரி லேசான சரக்குகள்தான். நாம் கோயிலில் அறிகிற வாசனை, பிசின் தணலில் விழுந்த பிறகு வருவது. உத்தரப் பிரதேசத்து அத்தர் ஊரான கன்னோஜில் அதே பிசினைக் கருக்கி வடித்து சோயா லோபான் என்று விற்கிறார்கள். அது புகைதான், ஆனால் அது வேறு சரக்கு. பட்டியலில் குந்திரிக்கத்தைப் பார்த்தவுடன் புகையை எதிர்பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். இந்த சென்ட்டில் அது மேலே இருக்கும் மிளகு, ஃபர் மரத்தோடு சேர்ந்து ஒரு பச்சைக் காரத்தைத்தான் தருகிறது.

புகை வருவது கேட் தைலத்தில் இருந்து. மத்தியதரைக் கடல் பக்கம் வளரும் ஒரு ஜூனிபர் மரம், ஜூனிபெரஸ் ஆக்சிசெட்ரஸ். அதன் கட்டையைக் காற்று புகாமல் சூடாக்கினால் கறுப்பாக ஒரு தார் கசியும், அதை அடியில் பிடிப்பார்கள். சித்த வைத்தியத்தில் குழித்தைலம் இறக்குவதும் இதே முறைதான்: அடியில் ஓட்டை போட்ட பானை, அதற்குக் கீழே குழிக்குள் இன்னொரு பானை, சுற்றி வரட்டி நெருப்பு. கேட் தைலத்தையும் ஐரோப்பாவில் சொறி, படைக்கும், ஆடுமாடுகளின் தோல் நோய்க்கும் தடவி வந்தார்கள். உங்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்ததற்குப் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி லாரல் இலை. அதில் சினியோல் அதிகம், யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கிற அதே சரக்கு.

(இடையில் ஒன்று. கச்சாவான கேட் தைலத்தை வாசனைப் பொருளாகப் பயன்படுத்த இஃப்ரா (சர்வதேச வாசனைத் தொழில் அமைப்பு) விதிகள் அனுமதிப்பதில்லை, சுத்திகரித்ததைத்தான் பயன்படுத்தலாம். கருகிய தாரில் பென்சோபைரீன் மாதிரியான புற்றுநோய்ச் சரக்குகள் இருக்கும். அதனால் பழைய காலத்து லெதர் வாசனை சென்ட்டுகளில் இருந்த முரட்டுத் தார் வாசனை இன்று கிடைப்பது கஷ்டம். கார்தோனி இந்த அளவுக்காவது கொண்டுவந்தாரே என்பது எனக்கு ஆச்சரியம்தான்.)

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பூவும் புகையும் ஏன் அடித்துக்கொள்ளவில்லை? அவை ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை, அதனால்தான்.

கட்டையில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது, மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது. அது எரிந்து உடையும்போது வரும் முக்கியமான சரக்கு குவாயகால். விறகுப் புகை என்று மூக்கு சொல்வது பெரும்பாலும் இதையும் இதன் கூட்டாளிகளையும்தான். கேட் தைலத்திலும் குவாயகால் உண்டு. இந்த குவாயகால் மூலக்கூறில் ஒரு வால் ஒட்டினால் அது யூஜெனால், அதாவது கிராம்பு வாசனை. வேறொரு வால் ஒட்டினால் வனிலின். இன்று உலகத்தில் செய்யும் வனிலினில் பெரும்பங்கு குவாயகாலில் இருந்து தயாரிப்பதுதான். பாயசத்தில் விடும் எசன்ஸுக்கும் விறகு அடுப்புக்கும் இவ்வளவு நெருக்கம் என்று முதலில் கேள்விப்படும்போது யாரும் நம்புவதில்லை.

இப்போது பொடியன் போட்ட பட்டியலை மறுபடி பாருங்கள். லாரல் இலையில் யூஜெனால் இருக்கிறது. இலாங் இலாங் எண்ணெயில் ஐசோயூஜெனால் இருக்கிறது. கேட் தைலத்தில் குவாயகால். அடியில் வனிலா. இப்படி ஒரே எலும்பு தலையில் இருந்து கால்வரை ஓடுகிறது.

இன்னொரு பாலமும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது: கிரெசால் வகை. தாரில் கிரெசால்கள் தாராளம். மல்லிகைப் பூவில் இருந்து எடுக்கும் அப்ஸல்யூட் என்ற செறிவான சாற்றிலும் பாரா கிரெசால் துளி இருக்கிறது. இலாங் இலாங்கில் பாரா கிரெசைல் மெத்தில் ஈதர் நிறைய. இந்த ஈதரைத் தனியாகக் காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்தால் குதிரை லாயம், மருந்து நெடி, அதற்குப் பின்னால் எங்கோ ஒரு மஞ்சள் பூ. மற்றதோடு கலந்தால்தான் அது பூவாகும். அதாவது தாரின் ஒரு பகுதி ஏற்கெனவே பூவுக்குள் இருக்கிறது. கார்தோனி அந்தக் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டிருக்கிறார். "தார் போகவில்லை, பூவுக்குள்ளேயே இருக்கிறது" என்று எழுதினீர்களே, ரசாயனப்படியும் அது உண்மைதான்.

இலாங் இலாங் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கொமோரோஸ் தீவுகள், மடகாஸ்கர் பக்கத்து நோசி பே, இங்கெல்லாம் பயிராகும் பூ. நம் மனோரஞ்சிதத்தின் குடும்பம்தான், சீத்தாப்பழமும் அதே குடும்பம். அதிகாலையில் பறித்து உடனே பாய்லரில் போட்டுப் பல மணி நேரம் வடிப்பார்கள். எண்ணெயை ஒரே குடத்தில் பிடிக்க மாட்டார்கள். காபிக்கு முதல் டிகாக்‌ஷன், இரண்டாம் டிகாக்‌ஷன் என்று எடுக்கிற மாதிரி, முதலில் வருவது எக்ஸ்ட்ரா, அப்புறம் முதல் தரம், இரண்டு, மூன்று. அந்த லாய வாசனை ஈதர் எக்ஸ்ட்ராவில்தான் அதிகம். மூன்றாம் தரத்தில் பூ குறைந்து கட்டை வாசனை மிஞ்சும், சோப்புக்காரர்கள் அதை வாங்குவார்கள். பெரிய பெரிய ஃபிரெஞ்சு சென்ட்டுகள் எக்ஸ்ட்ராவைச் சுத்தமாகத் துடைத்து, சீவிச் சிங்காரித்து உபயோகிக்கும். இங்கே அதைக் காட்டிலேயே விட்டிருக்கிறார்கள்.

செண்பகத்தைத் தனியாக எழுத வேண்டியதில்லை, நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அதன் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரியான இனிப்பு ஒஸ்மாந்தஸின் ஆப்ரிகாட் வாசனையோடு ஒட்டுகிறது. ஒஸ்மாந்தஸிலோ பழத்துக்கு அடியில் இயற்கையாகவே ஒரு லெதர் வாசனை உண்டு. அது அடியில் இருக்கும் லெதர் நோட்டையும் கேட் தைலத்தையும் எட்டிப் பிடிக்கிறது. பூக்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே வேலை தெரிகிறது. வெறும் ரோஜாவும் முல்லையும் போட்டிருந்தால் தாரில் முங்கிப் போயிருக்கும்.

"டிராபிக்கல்" என்று போட்டாலே தேங்காய், அன்னாசி, கடற்கரைக் குடை என்று நினைக்கிறவர்களுக்கு இது ஏமாற்றம். தேங்காய் வாசனை எனக்கு எங்கும் தட்டவில்லை. இது காடு. ஈரம், பிசின், பிளந்த கட்டை, அழுகத் தொடங்கிய பூ.

குறையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கட்டம் எனக்குச் சப்பென்று இருக்கிறது. வனிலா, சந்தனம், பச்சோலி என்று எல்லோரும் போய் இறங்கும் அதே திண்ணையில் இதுவும் இறங்கிவிடுகிறது. இவ்வளவு ஆர்ப்பாட்டமாக வந்த விலங்கு கடைசியில் கேக் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறது. என் கையில் விட்டால் வனிலாவைப் பாதியாகக் குறைத்துச் சீடரை ஏற்றியிருப்பேன்.

கோவை சென்ட்:

மட்டிப்பால் சார், புகையும் பழமும் என்றால் க்ரீட் கம்பெனியின் ஏவென்டஸ் சென்ட்டும் இதே கணக்கில் வருமா? அதிலும் அன்னாசியும் கருகிய பிர்ச் மரமும்தானே?

மட்டிப்பால்:

பொதுவான தத்துவம் ஒன்றுதான், அளவு தலைகீழ். 2010இல் வந்த ஏவென்டஸில் முன்னால் நிற்பது அன்னாசிப் பழம். பின்னால் ஒரு சிட்டிகை புகை, பழத்தின் தித்திப்பை அடக்குவதற்கு மட்டும். ஆபீஸ், கல்யாணம், இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் ஆகும். டி. ரெக்ஸில் புகை விருந்தாளி இல்லை, வீட்டுக்காரன். அதைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

கல்மரம்:

சென்ட் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் பட்டியலைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. டைரனோசரஸ் வாழ்ந்தது சுமார் 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகளில் இருந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில். மொன்டானாவில் ஹெல் க்ரீக் பாறை அடுக்குகள் பிரபலம், கனடாவில் ஆல்பர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. இன்று பனி கொட்டும் அந்த இடங்கள் அன்று வெதுவெதுப்பான, ஈரமான, சதுப்பும் ஆறுகளுமான சமவெளி.

பூக்கும் தாவரங்கள் அப்போதே பரவிவிட்டன. மிளகு, சாதிக்காய், லாரல், செண்பகம், இலாங் இலாங், இந்த ஐந்தும் மேக்னோலியிட் என்ற ஒரே பழைய கிளையைச் சேர்ந்தவை. அந்தக் கிளையின் மூதாதைகள் டைனோசர் காலத்தில் இருந்தன. ஃபர், சீடர், ஜூனிபர் எல்லாம் ஊசியிலை வம்சம், அவை அதைவிடப் பழசு. திட்டமிட்டதோ தற்செயலோ, பட்டியலில் பாதி அந்தக் காட்டுக்குப் பொருந்துகிறது. மல்லிகை, ஜெரேனியம் மாதிரியானவை காலம் தப்பி வந்த விருந்தாளிகள்.

புகைக்கும் ஆதாரம் உண்டு. விண்கல் விழுந்து அந்த யுகம் முடிந்த இடத்தில், பாறை அடுக்கில் கரிப்புகைத் துகள்கள் உலகின் பல பகுதிகளில் கிடைத்திருக்கின்றன.

பிச்சிப்பூ:

கல்மரம், செண்பகத்துக்கும் மிளகுக்கும் உறவு என்பதை நாளைக்கு பேங்கில் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன்.

மட்டிப்பால் ஐயா, மிக்க நன்றி. மறுபடி போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அந்த லாய வாசனை இப்போது தனியாகத் தெரிகிறது, இனி அதை மறக்கவும் முடியாது போல! ஆனால் மதுரை வெயில் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. வீட்டில் கேட் தைலத்தை வாங்கி நானே செண்பக அத்தரோடு கலந்து பார்க்கலாமா?

ஸ்காபரோ பொடியன்:

அக்கா, பேங்க் கவுண்டர் என்றால் வேண்டாம். காசு எடுக்க வந்த சனம் ஃபயர் எக்ஸிட்டைத் தேடும்.

மட்டிப்பால்:

பொடியன் சொல்வது சரி. சூட்டில் எண்ணெய்கள் வேகமாக எழும், அதனால் மதுரையில் தாரும் பூவும் வரிசையாக வராமல் சேர்ந்தே வரும். தனியாக முகர அது ரொம்ப அழகு, கார்தோனி நினைத்த சூழ்நிலைக்கு ரொறொன்ரோவைவிட உங்கள் ஊர்தான் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஏசி அறையில் ஜன்னல் திறக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் பக்கத்து சீட்காரருக்கு அந்த அழகு தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம், மொட்டை மாடி. கழுத்தில் வேண்டாம், சட்டைக்கு உள்ளே வயிற்றுப் பக்கம் ஒரே ஒரு ஸ்ப்ரே. வெளியே போவதாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள், தார் அடங்கியிருக்கும். மழை நாளில் இன்னும் நன்றாக இருக்கும்.

முழு பாட்டில் 60 மில்லி. இந்தச் சரக்கில் 60 மில்லி ஒரு ஆயுளுக்கு வரும். ஆறு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், தலைக்கு 10 மில்லி தாராளம்.

வீட்டுக் கலவைக்கு வருகிறேன். கேட் தைலத்தை நேரடியாகத் தோலில் தொடாதீர்கள். மருந்துக்கென்று விற்கும் கச்சாத் தைலம் சென்ட்டுக்கு ஆகாது, சுத்திகரித்தது என்று லேபிளில் போட்டிருக்க வேண்டும். அதையும் பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹாலில் 100க்கு 1 பங்காகக் கரைத்து, காகிதப் பட்டையில் மட்டும் பாருங்கள். இன்னொரு பட்டையில் செண்பக அத்தர். இரண்டையும் விசிறி மாதிரிப் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினால் போதும், கலக்கவே தேவையில்லை. கேட் கிடைக்காவிட்டால் கோரைக்கிழங்கு எண்ணெய் வாங்குங்கள், நாகர்மோத்தா என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் இயற்கையாகவே புகையும் லெதரும் கலந்த வாசனை உண்டு, விலையும் கைக்கு அடக்கம். செண்பகத்தோடு நன்றாகவே போகும். வெள்ளைத் துணி பக்கத்தில் இருந்தால் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள், கறை போகாது.